எந்தச் சுத்தம்?

உணவு சமைப்போருக்குச் சுத்தத்தைக் கற்பிக்கும்போது எந்தச் சுத்தத்தைக் கற்பிப்பது? பாடத்திட்டம் வகுப்போர் விடை காண வேண்டிய அறக் கேள்வி இது.

உணவுக்கு மூன்று தோஷங்கள் உண்டென்பார் ஸ்ரீராமானுஜர். பொருளின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். அதைத் தருபவரால் வருவது ஆச்ரய தோஷம். தூசி, முடி முதலிய அழுக்குகளால் வருவது நிமித்த தோஷம். இவற்றுள் இரண்டாவதைச் சமூகம் பிறப்போடு பிணைத்தது. தீண்டாமை அதில் வேரூன்றியது. 1917-இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் பல சாதியினரை ஒருங்கே அமர்ந்து உண்ணச் செய்தார். அதற்காக அவர் ஊர்விலக்குக்கு ஆளானார்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியில், 2017 முதல் உணவுத் தொழிலாளருக்கு நாடு முழுவதும் பயிற்சி அளிக்கப்படுகிறது. கை கழுவுதல், பச்சை உணவையும் சமைத்த உணவையும் பிரித்து வைத்தல், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவை நெடுநேரம் வைக்காதிருத்தல் ஆகியவை அதன் பாடங்கள். சமைப்பவரின் குலத்துக்கு அங்கே இடமில்லை. அவரது உடல்நலத்துக்கு இடமுண்டு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, 2023-இல் உணவகத் தொழிலாளருக்கு மருத்துவச் சான்று அட்டையைக் கட்டாயமாக்கியது. நோய் மருந்தால் நீங்கும். பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட இழிவுக்கு அத்தகைய நீக்கம் இருந்ததில்லை. ஆச்ரய தோஷத்தின் நியாயமான பொருள் இதுவே அன்றோ?

இன்னொரு மயக்கமும் உண்டு. சைவ உணவகம் என்றோ, ஹலால் என்றோ பலகை இருந்தால் உணவு பாதுகாப்பானது என்று நம்புவது அது. உண்பவரின் நெறியை அப்பலகை மதிக்கிறது, அது போற்றத்தக்கதே. ஆனால் கிருமி பலகையைப் படிப்பதில்லை. வெறும் சோற்றிலும் பாசிலஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநிலையைத் தாங்கி நிற்கும்; சோறு வெளியே ஆறிக் கிடந்தால் பெருகி நஞ்சாகும். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தின் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பதினாறு வயது மாணவி உயிரிழந்தார். ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. கொள்கை எதுவாயினும், கவனம் தவறினால் பலியாவது ஓர் உயிர்.

அப்படியானால் பயிற்சியில் ஆன்மிகத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. ஆற்றுகால் பொங்காலை நாளில் அன்னதானம் செய்வோரையும் அதிகாரிகள் கண்காணிக்கின்றனர். ஆயினும் ஒவ்வொரு பானையின் அருகிலும் ஓர் அதிகாரி நிற்க இயலாது. எவரும் பாராதபோதும் கையைக் கழுவச் செய்வது சிரத்தை. உண்பவரிடத்தில் இறைவனைக் காண்பவருக்கு அது இயல்பாக வரும்.

அளவுகோலை அறிவியல் தரட்டும்; அதை வழுவாது கைக்கொள்ளும் உறுதியைப் பக்தி தரட்டும். சாதியும் மதப் பெருமையும் பாடத்தின் வெளியே நிற்கட்டும்.