குறோணி எவ்வளவு உயரம்?

கார்த்திகை மாதத்தில் எங்கள் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்தது. குறோணி பிறந்த பகுதியை வாசித்த அன்று இரவு, எல்லோரும் போனபிறகு நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருவன் என்னிடம் வந்தான்.

"மாமா, குறோணி கடலையே குடிச்சான்னு வாசிச்சாங்களே, அவ்வளவு பெரிய ஆள் மெய்யாவே இருந்தானா?"

கேட்டுவிட்டு செல்போனை நீட்டினான். ஒரு படம். தோண்டிய பள்ளத்துக்குள் மனித எலும்புக்கூடு கிடக்கிறது. அதன் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் சுண்டுவிரல் அளவுதான் தெரிகிறான். கடோற்கசனின் எலும்பு, வட இந்தியாவில் கிடைத்தது என்று கீழே எழுதியிருந்தது. நம்மில் பலருக்கும் இந்தப் படம் வந்திருக்கும். சிலர் குறோணி வம்சம் என்று சொல்லியும் அனுப்பியிருப்பார்கள்.

அது செய்த படம். 2002-இல் கம்ப்யூட்டரில் படங்களை ஒட்டிச் சேர்க்கும் ஒரு போட்டிக்காக ஒருவர் உண்டாக்கியது. பள்ளம் மட்டும் நிஜம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், யானை இனத்தைச் சேர்ந்த பழங்கால விலங்கு ஒன்றின் எலும்பை எடுத்த இடம் அது. அதற்குள் மனித எலும்புக்கூட்டைப் பெரிதாக்கி ஒட்டிவிட்டார்கள். இதைச் சொன்னதும் பையனின் முகம் வாடிவிட்டது.

"அப்போ ஏட்டுல உள்ளதும் பொய்யா மாமா?"

அவனுடைய கேள்வி படத்தைப் பற்றியது அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எலும்பு கிடைத்தால்தான் ஏடு மெய், கிடைக்காவிட்டால் ஏடு பொய் என்று அவன் மனதில் ஒரு தராசு இருக்கிறது. பெரியவர்கள் நம்மிடமும் அதே தராசு உண்டு. அதனால்தானே அந்தப் படத்தைக் கண்டதும் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம்.

அன்று அவனுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "நேரமாச்சு, வீட்டுக்குப் போ மக்கா" என்று அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

அரக்கர் கதை நம்மிடம் மட்டும் இல்லை. வடதுருவத்துக்கு அருகேயுள்ள நாடுகளின் பழைய கதைகளில் இமிர் என்ற ஆதி அரக்கன் வருகிறான். தெய்வங்கள் அவனைக் கொன்று, மாமிசத்தால் பூமியையும், இரத்தத்தால் கடலையும், எலும்பால் மலைகளையும், மண்டையோட்டால் வானத்தையும் செய்தார்களாம். கிரேக்கர்களின் கதையில் பூமித்தாய் பெற்ற அரக்கர்கள் தெய்வங்களோடு போர் செய்கிறார்கள். கிறிஸ்தவ சகோதரர்களின் வேதாகமத்தில் கோலியாத்து வருகிறான். அவன் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும் என்று படிக்கிறார்கள், அதாவது ஒன்பதரை அடிக்கும் மேலே. ஆனால் சாக்கடல் ஓரத்துக் குகைகளில் கிடைத்த பழைய சுருளிலும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நாலு முழமும் ஒரு சாணும் என்றுதான் இருக்கிறது. அது ஆறேமுக்கால் அடி. அப்படிப்பட்ட ஆளை இன்றும் பார்க்கலாம்.

மனித உடம்பு அளவில்லாமல் வளரவும் முடியாது. இத்தாலி நாட்டு கலிலியோ 1638-இல் வெளியான தன் புத்தகத்தில் இதற்குக் கணக்கே சொல்லிவிட்டார். ஒரு ஆளை அதே வடிவில் இரண்டு மடங்கு உயரமாக்கினால் அவன் எடை எட்டு மடங்காகும், எலும்பின் பலமோ நாலு மடங்குதான் கூடும். தன் பாரத்தைத் தானே தாங்க முடியாது. அமெரிக்காவில் ராபர்ட் வாட்லோ என்று ஒருவர் இருந்தார். முறையாக அளந்து எழுதப்பட்டவர்களில் அவரைவிட உயரமானவர் இதுவரை இல்லை, எட்டடி பதினொரு அங்குலம். நடக்கக் காலில் இரும்புத் தாங்கி கட்டவேண்டியிருந்தது. அந்தத் தாங்கி உரசி வந்த புண் சீழ்வைத்து, 1940-இல் 22 வயதில் இறந்துபோனார். சாதுவான மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உலகத்திலேயே பெரிய உடம்பு வாய்த்தவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆகவே உடம்பு பெரிதாக இருந்தால் அவன் அரக்கன் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் அகிலத்திரட்டு அம்மானை குறோணியை எதனால் அரக்கன் என்கிறது? பசியால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீடிய யுகத்தில் பிறந்தவன், கடல் நீரைக் குடித்தும் பசி ஆறாமல் கயிலையையே விழுங்கப் போகிறான். தனக்கு வெளியே ஒன்றையும் மீதி விடமாட்டேன் என்கிற பசி அது. மாயோன் ஈசரை நோக்கித் தவமிருந்து உத்தரவு பெற்று அவனை ஆறு துண்டாக வெட்டுகிறார். இமிருடைய துண்டுகளை வைத்து உலகம் உண்டானது, அதோடு அவன் கதை முடிந்தது. குறோணியின் கதையோ வெட்டியதோடு முடியவில்லை. துண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு யுகத்தில் மறுபடி பிறக்கிறது. சதுரயுகத்தில் குண்டோமசாலி, நெடுயுகத்தில் தில்லைமல்லாலனும் மல்லோசிவாகனனும், கிரேதாயுகத்தில் சூரபத்மனும் சிங்கமுகனும் பிறகு இரணியனும், திரேதாயுகத்தில் இராவணன், துவாபரயுகத்தில் துரியோதனன், கலியுகத்தில் கலியன்.

ஏடு வாசிக்கும்போது நாம் போரைத்தான் ஆவலாகக் கேட்கிறோம். போர் முடிந்ததும் கொஞ்சம் அசதி வந்துவிடும், சிலர் எழுந்து காப்பி குடிக்கப் போவதும் உண்டு. நானும் போயிருக்கிறேன். ஆனால் முக்கியமான இடம் அங்கேதான் இருக்கிறது. விழுந்து கிடப்பவனிடம் மாயோன் பேசுகிறார். இப்போதாவது உணர்ந்தாயா என்பதுபோல் கேட்கிறார். அவன் சொல்லும் பதிலைக் கவனியுங்கள்.

வேலாயுதம் இருந்ததால்தான் என்னைக் கொல்ல முடிந்தது, இல்லாவிட்டால் முடியாது என்கிறான் சூரபத்மன். சரி என்று அடுத்த முறை ஆயுதமே எடுக்காமல், நகத்தால் இரணியனைக் கிழிக்கிறார். பத்து நகமும் மலைபோல் இருந்ததால்தானே என்கிறான் அவன். பத்துத் தலையோடு இராவணனாக வந்து விழுகிறான். என் தம்பி உன் பக்கம் சேர்ந்து காட்டிக்கொடுத்ததால்தானே என்கிறான். அப்படியானால் தொண்ணூற்றொன்பது தம்பிமாரோடு பிற என்று, துரியோதனனாக வருகிறான்.

ஒவ்வொரு பிறவியும் முந்தின பிறவியில் சொன்ன சாக்குக்குப் பதிலாக வருகிறது. அவன் கேட்டதையெல்லாம் மாயோன் கொடுத்துப் பார்க்கிறார். நான் தவறினேன் என்ற ஒரு சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் சொன்ன சாக்குகள் பொய் அல்ல. சூரன் வேலால்தான் விழுந்தான். விபீஷணன் இராமர் பக்கம் போனதும், இலங்கையின் இரகசியங்களைச் சொன்னதும் உண்மை. துரியோதனன் தொடையில் அடிபட்டு விழுந்தபோது, இடுப்புக்குக் கீழே அடித்தது முறைகேடு என்று கண்ணனைத் திட்டினான். பாரதக் கதையில் பலராமரே அதற்காகக் கோபப்படுகிறார். கதை யுத்தத்தின் சட்டப்படி பார்த்தால் துரியோதனன் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்படியிருக்க, உண்மையைச் சொன்னவன் மேல் என்ன குற்றம்?

நெடுநாள் எனக்கு இது விளங்கவில்லை. இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். மாயோன் கேட்பது நீ எப்படித் தோற்றாய் என்று அல்ல. நீ செய்தது என்ன என்று கேட்கிறார். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வரச் சொன்னதைப் பற்றிக் கேட்டால், பீமன் அடித்த இடத்தைக் காட்டுகிறான். அடித்த இடம் தப்புதான். ஆனால் கேள்வி அங்கேயே நிற்கிறது. உண்மையான ஒன்றை எடுத்து, இன்னொரு உண்மையை மறைத்துக்கொள்கிறான்.

எங்கள் தாங்கலில் ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு எதிர்வாதம் செய்தார். "அவன் பிறவியே குறோணியின் துண்டு. நஞ்சில் விளைந்தது நஞ்சாகத்தானே இருக்கும்? அவன் எப்படித் திருந்துவான்?" என்றார். நல்ல கேள்வி. ஆனால் திருந்தவே முடியாதவனிடம் மாயோன் யுகம் யுகமாக எதற்காகக் கேட்கவேண்டும்? இரணியன் வீட்டில்தான் பிரகலாதன் பிறந்தான். இராவணன் பிறந்த வயிற்றில்தான் விபீஷணனும் பிறந்தான். இதைச் சொன்னபோது பெரியவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, பிறகு பேசுவோம் என்று ஆட்டினாரா, தெரியவில்லை.

கடைசித் துண்டுதான் கலியன். அவன் வரங்களை வாங்கிக்கொண்டு வரும் வழியில் மாயோன் பண்டார வேடத்தில் வந்து நிற்கிறார். கையில் ஆயுதம் இல்லை. ஆயுதம் இல்லாத பண்டாரத்தோடு எனக்கென்ன சண்டை என்று கலியன் இளக்காரமாகப் பேசுகிறான், பண்டாரத்தைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்று வாக்கும் கொடுக்கிறான். அவன் வாங்கிய சக்கரம் பணமாக மாறிவிடுகிறது. திருவிதாங்கூர்க் காசுக்கும் சக்கரம் என்றுதான் பெயர், நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சூரன் வேலைக் குறை சொன்னான், இரணியன் நகத்தைக் குறை சொன்னான், இராவணன் தம்பியைக் குறை சொன்னான். இந்த முறை குறை சொல்ல ஒன்றும் இல்லாதபடி வெறுங்கையோடு வந்திருக்கிறார். கொல்லம் 1008 மாசியில் அய்யா வைகுண்டராக வந்தபோதும் அப்படித்தான். வாளும் இல்லை, சேனையும் இல்லை. பிடித்துக்கொண்டு போய்ச் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள், அய்யா பொறுத்திருந்தார். எதிரே நிற்பவர் அடிக்கவே இல்லை என்றால் கலியன் எந்தச் சாக்கைச் சொல்வான்? அப்படியும் அவனிடம் சாக்கு இருந்தது. அதை நான் என்னிடமே கண்டேன், சொல்லிவிடுகிறேன்.

அதே வாசிப்பு நாட்களில் ஒரு ஞாயிறன்று உம்பான் சோறு பரிமாறும் பொறுப்பு எனக்கு. பந்தியின் கடைசியில் எப்போதும் உட்காரும் ஒரு பாட்டி, பேரனுக்கென்று ஒரு தூக்குவாளியை நீட்டினார். "தர்மச் சோறுன்னா அளவு கிடையாதா? பின்னால உள்ளவங்க என்ன செய்வாங்க?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். பாட்டி வாளியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்து, இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த மூன்று ஞாயிறும் வரவில்லை.

ஏன் அப்படிப் பேசினாய் என்று நான் மேலே சொன்ன அதே பெரியவர் கேட்டார். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம், சோறு தீர்ந்துகொண்டிருந்தது, விடியற்காலை மூன்று மணியிலிருந்து நான் அடுப்படியில் நின்றேன் என்றேன். மூன்றும் உண்மை. அவருக்கும் அது தெரியும். "சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளியறைக் கண்ணாடியைத் துடைப்பதும் எங்கள் பணிவிடையில் ஒன்று. மறுநாள் காலை துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த மூன்று காரணமும் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்தன. வேல், நகம், தம்பி. கூட்டம், சோறு, தூக்கம். வாளியை நீட்டிய கிழவியின் கையில் ஆயுதம் ஏதும் இருக்கவில்லை.

போன வாரம் பாட்டி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். "பாட்டி, அன்னைக்கு ரொம்பக் கூட்டம்..." என்றுதான் ஆரம்பித்தேன். "ஆமா மக்கா, கூட்டம்தான்" என்றார். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். பேரன் படிப்பு, முழங்கால் வலி, மழை என்று பேசினார். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லப் போன சொல்லைச் சொல்லவில்லை.

பையனை நேற்றுத் தாங்கலில் பார்த்தேன். குறோணி எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை மக்கா, ஆனால் அவன் சாகும்போது என்ன பேசுகிறான் என்று ஏட்டில் இருக்கிறது, அடுத்த வாசிப்பில் போர் முடிந்ததும் எழுந்து போகாமல் கேள் என்றேன். சரி மாமா என்றான். பாட்டியிடம் இந்த ஞாயிறு பேரனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். பரிமாறும் முறை அன்றும் என்னுடையதுதான். தப்பு என்னுடையது பாட்டி என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். சத்தம் போட்டதும் அங்கேதானே.

அய்யா உண்டு.