சந்ததியற்றோரின் சந்ததி: சின்பூ யிமின் கோயில்

சீன நாட்டார் சமயத்தில் இறந்தோரைப் பெரும்பாலும் மூவகையாகக் கொள்வர்: தம் வழித்தோன்றல்களிடம் படையல் பெறும் முன்னோர், ஊரைக் காப்பதாக நம்பப்பட்டுக் கோயில் பெற்ற தெய்வங்கள், சோறிடப் பிள்ளைகளின்றி அலையும் ஆவிகள். தைவானின் சின்சூ மாவட்டத்திலுள்ள சின்பூவில் ஹக்கா மக்கள் வழிபடும் யிமின் கோயில் இப்பகுப்பில் எளிதில் அடங்காது; ஏனெனில் அங்கு வணங்கப்படுவோர் போரில் மாண்டு, இன்னாரென்று பிரித்தறிய இயலாமல், ஒன்றாகப் புதைக்கப்பட்டவர்கள்.

தென்சீனத்திலிருந்து குடியேறித் தனி மொழியோடு வாழ்ந்துவந்த ஹக்கா மக்கள், 1786இல் லின் சுவாங்வென் என்பவர் சிங் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தபோது, தங்கள் ஊர்களைக் காக்கப் படை திரட்டி அரசின் பக்கம் நின்றனர். அப்படையில் இறந்தோரே யிமின், அதாவது அறத்தின்பொருட்டு எழுந்த குடிகள். அவர்களது எலும்புகளை ஏற்றிவந்த மாட்டுவண்டிகள் ஃபாங்லியாவ் என்னுமிடத்தில் நின்றுவிட, எருதுகள் மேற்கொண்டு நகர மறுத்ததால் அங்கேயே அடக்கம் செய்தனர் என்பது மரபுக்கதை. 1788இல் தொடங்கிய கோயில் பணி 1790இல் நிறைவுற்றது. விசுவாசத்தைப் போற்றும் 'பாவ்சுங்' என்னும் எழுத்துகளைச் சியென்லுங் பேரரசர் அருளினார். 1862இல் மூண்ட மற்றொரு கிளர்ச்சியில் மாண்டவர்களுக்கு இரண்டாவது கல்லறை எழுந்தது.

இவர்கள் பேரரசின் ஏவலாட்கள் என்ற கண்டனம் தைவானில் நெடுநாளாக உண்டு. அரசியல் வரலாற்றில் அதற்கு இடமிருக்கலாம். ஆயின் வழிபடுவோர் முதன்மையாக நினைப்பது பேரரசரை அன்று, தங்கள் வயலுக்கும் வீட்டுக்கும் அரணாக நின்று மடிந்தவர்களையே.

சந்ததியற்றோர்க்குச் சோறிடும் கடமையைத் தனியொரு குடும்பம் ஏற்காமல் வட்டாரமே ஏற்றதில்தான் இக்கோயிலின் சமயச் சிறப்பு உள்ளது. ஆவியாக அலைந்திருக்க வேண்டியவர்களை ஊர் தத்தெடுத்து முன்னோராக்கியது. அவ்வாறு ஆக்கியதன்மூலம் வெவ்வேறு குலத்தினர் ஒரே முன்னோரின் வழியினராயினர். படிப்படியாகப் பெருகி இன்று 15 ஊர்த்தொகுதிகள் இவ்வழிபாட்டில் இணைந்துள்ளன; ஆண்டுக்கு ஒரு தொகுதி பொறுப்பேற்பதால், ஒவ்வொன்றுக்கும் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வருகிறது. சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் 20ஆம் நாள் பெருவிழா. அதற்காகக் கொழுக்க வளர்த்த பன்றிகளைப் படைக்கும் வழக்கம் விலங்குநல ஆர்வலர்களின் எதிர்ப்பைச் சந்தித்துள்ளது. ஒரு காலத்தில் படையினர்க்கு உணவு கொண்டுசென்றதைப் போலவே காவடித்தண்டில் உணவு சுமந்துவந்து படைக்கும் சடங்கே இவ்வழிபாட்டின் உட்கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

நன்கொடை நிலங்களின் வருவாயைப் பேணவும் விழாச் செலவைப் பங்கிடவும் ஊர்த்தலைவர்கள் ஆண்டுதோறும் கூடவேண்டியிருந்ததால், தகராறு தீர்க்கவும் பொதுப்பணி நடத்தவும் பழகிய ஒரு நிர்வாகம் கோயிலைச் சுற்றி உருவாயிற்று. பிற்காலத்தில் ஜூபெய் நகரில் யிமின் பெயரிலேயே ஓர் உயர்நிலைப் பள்ளி நிறுவப்பட்டதும் இத்தொடர்ச்சியின் பயனே. எனவே கோயிலை வளர்ச்சிக்கான கருவியாக மட்டும் காணும் விளக்கம் காரியத்தைக் காரணத்தின் இடத்தில் வைத்துவிடுகிறது; இறந்தோர்க்குப் பட்ட கடன் என்ற உணர்வு முந்தியது, அந்நிர்வாகமும் பள்ளியும் அதன் பின்னரே வந்தன.

ஊரைவிட்டுத் தைபேய் போன்ற நகரங்களில் குடியேறிய ஹக்கா மக்கள், 1980களின் இறுதியில் தம் தாய்மொழி உரிமைக்காகத் திரண்ட காலந்தொட்டு, முறைவைப்புக்குரிய வயலும் ஊர்த்தொகுதியும் இல்லாத நகரத்திலும் யிமின் விழாவை எடுத்துவருகின்றனர்.