தொகுப்பியும் பிரமாணமும்

கண்டியிலிருந்து வடக்கே சென்று மாத்தளையைக் கடந்தால் வரும் அலுவிகாரையில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நாவிலும் நினைவிலும் மாத்திரம் வாழ்ந்துவந்த திரிபிடகம் ஏட்டில் ஏறிற்று என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதும் பிக்குகளின் தொகையை அருக்கிவிடவே, வாய்ச்சொல்லையே நம்பியிருக்க இயலாமற்போய், எவரும் எடுத்து ஒப்புநோக்கத்தக்க சாட்சியொன்று வேண்டியதாயிற்று.

அதே மலைநாட்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் மாணாக்கன், தரவுத்தள வினவல்களைப் பகுக்கும் பார்சரையோ புதியதொரு மொழியின் மூலநிரலை இயங்கு வடிவமாக்கும் தொகுப்பியையோ ஆக்கப் புகுங்கால், பைசன், ஆன்ட்லர், எல்எல்விஎம் எனத் திறந்தமூலக் கருவிகள் பல அவன்முன் நிற்கின்றன. போஸ்ட்கிரெஸ் தன் இலக்கணத்தைப் பைசனிடம் ஒப்புவித்திருக்கிறது. எஸ்கியூலைட் லெமன் என்னும் சொந்தக் கருவியை வைத்திருக்கிறது. கொழும்பில் பிறந்த பலரீனா மொழியோ ஆன்ட்லரில் தொடங்கிப் பின்னர் கையால் எழுதிய பார்சருக்கு மாறிற்று. வேகத்தையும் உரிமத்தின் நிபந்தனைகளையும் எடைபோடுதல் எளிது; நம்பகத்தை எடைபோடுதலோ அரிது. மூலநிரல் திறந்திருக்கிறது, ஆகவே நம்பலாம் என்பாருளர். அந்த ‘ஆகவே’ எவ்வளவு பாரம் தாங்கும் என்பதே என் விசாரணை.

எதனைக் கொண்டு ஒன்றை மெய்யென அறிவது என்பதே பிரமாணம், அதாவது அளவை, பற்றிய கேள்வி. சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரின் முகப்பிலேயே அளவை இலக்கணம் வகுக்கும் அருணந்தி சிவாசாரியார், பிறர் பத்தென விரிக்கும் பிரமாணங்களைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறார். பௌத்த தருக்க ஆசிரியரான திக்நாகரோ முதலிரண்டே போதும், பிறர் வாக்காகிய உரை தனிப் பிரமாணமன்று என்றார். நீயே படி, நீயே சோதித்துப் பார் என்னும் திறந்தமூலக் கொள்கை திக்நாகர் பக்கம் சார்ந்ததாகவே தோன்றும். ஆனால் இலட்சக்கணக்கான வரிகளை முற்றும் படித்தவர் எவர்? படித்தாலுந்தான் என்ன? தொகுப்பியின் மூலத்தில் சுவடே இராமல், அதன் இயங்கு வடிவத்தினுள் கள்ளவழியொன்று ஒளிந்திருந்து, அத்தொகுப்பியைப் புதிதாகத் தொகுக்குந்தோறும் தன்னைத்தானே மறுபடி நுழைத்துக்கொள்ளக்கூடும் என்பதை, 1984இல் வெளியான தமது டியூரிங் விருதுப் பேருரையில் கென் தாம்சன் காட்டிவிட்டார். பிறவிதோறும் தொடரும் வாசனை என்று இதனைச் சொன்னால் சித்தாந்திகள் கோபிக்கமாட்டார்கள்.

எனவே, உரையை விட்டொழிக்க வழியில்லை. ஆயினும் சித்தாந்தத்தில் உரை பிரமாணமாவது, அது மலமற்ற முதல்வனின் வாக்காதலால்; நிரல் எழுதுவோரில் அத்தகையவரை எங்கே தேடுவது? டேவிட் வீலர் 2009இல் தம் ஆய்வேட்டில் நிறுவிய முறை இங்கேதான் என் மனத்தைக் கவர்கிறது. ஐயத்துக்குரிய தொகுப்பியின் மூலத்தை அதனோடு உறவற்ற வேறொரு தொகுப்பியால் தொகுத்து, அவ்வாறு பிறந்ததைக் கொண்டு அம்மூலத்தையே மீளத் தொகுத்து, விளைவைப் பழையதனோடு பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடுவது அம்முறை. இரண்டாவது தொகுப்பி மாசற்றதாயிருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. முதலாவதன் மாசையே தானும் பெற்றிராவிடில் போதும். பிக்குகள் கூடியிருந்து ஓதி ஒருவர் பாடத்தை மற்றவர் பாடத்தோடு சரிபார்த்த சங்கீதியும் இவ்வகையினதே: தனியொருவரின் உரை, பலர் உரையின் இசைவினால் கருதலின், அதாவது அநுமானத்தின், பலத்தைப் பெறுகிறது.

வினவல் உலகிலும் இவ்வழக்கம் உண்டு. எஸ்கியூலைட்டை ஆக்குவோர், தம் தளத்துக்கு இட்ட வினவலையே போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் ஆகியவற்றுக்கும் இட்டு, விடைகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுகின்றனர். அவற்றுள் ஆரக்கிளின் மூலநிரல் திறந்ததன்று, எனினும் சாட்சி சொல்ல அதனையும் அழைக்கின்றனர்.