வாயுணர்வும் அதற்கான சொல்லும்

உணவின் சுவைக்கு இந்திய மரபு ஆறு பெயர்களை வகுத்துத் தந்திருக்க, அது கடிபடும்போதும் குழையும்போதும் வாயில் உணரப்படும் மென்மை, மொறுமொறுப்பு, வழவழப்பு போன்ற தன்மைகளுக்கு, அதாவது வாயுணர்வுக்கு, அத்தகைய முடிந்த பட்டியல் எதையும் தரவில்லை. தத்துவ நூல்கள் நாவுக்குச் சுவையையும் தோலுக்கு ஊறு எனப்படும் தொடுவுணர்வையும் உரியதாக்கி, தோற்பொறி உடல் முழுதும் பரவியது என்று கொண்டதால், வாயுணர்வு சுவையின் வீட்டில் ஒண்டுக்குடியிருக்கும் ஊறாகவே நின்றுவிட்டது. (துவர்ப்பையும் கார்ப்பையும் சுவையரும்புகளைவிடத் தொடுவுணர்வையும் எரிச்சலையும் அறியும் நரம்புகளோடு இன்றைய உடலியல் இணைப்பதால், அந்தப் பழைய எல்லைக்கோடும் உறுதியானதன்று.)

அந்த ஊறு எங்கே இருக்கிறது, பொருளிலா வாயிலா? 17ஆம் நூற்றாண்டில் நியாய சித்தாந்த முக்தாவளி என்ற தருக்க நூலை இயற்றிய விசுவநாத பஞ்சானனர், கடினமும் மென்மையும் பொருளின் கூறுகள் சேர்ந்திருக்கும் முறையின் வகைகளே என்ற கருத்தை மறுத்து, அவை பொருளுக்குரிய ஊறே என்று கொண்டார். சேர்க்கையின் வகைகளானால் அவை கண்ணுக்கும் புலனாக வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் நுட்பமானது, ஆயினும் வாயுணர்வுக்குப் போதாதது. பொரித்த அப்பளத்தின் மொறுமொறுப்பு, பல் அதை உடைக்கும் விரைவும், உடையும் ஓசையும், உமிழ்நீர் நனைக்கும் நேரமும் கூடிய இடத்தில்தான் நிகழ்கிறது. ஈரக்காற்றில் நமுத்துப்போன அப்பளத்தில் அந்த நிகழ்வே இல்லை. எனவே வாயுணர்வைப் பொருளின் குணமாக மட்டும் கொள்வதைவிட, பொருளும் வாயும் சந்திக்கும் நிகழ்வாகக் கொள்வதே பொருத்தம்.

தமிழ் இத்தகைய நிகழ்வுகளுக்கு இரட்டைக்கிளவியால், அதாவது பிரித்தால் பொருள்தராமல் இரட்டித்தே வரும் சொல்லால், பெயரிட்டது. மொறுமொறு ஓசையிலிருந்து பிறந்தது. கொழகொழ, பொலபொல, பிசுபிசு ஆகியவை ஓசையைவிட்டு ஊற்றைப் பற்றிக்கொண்டவை. ஜப்பானிய மொழியில் 400க்கும் மேற்பட்ட வாயுணர்வுச் சொற்கள் தொகுக்கப்பட்டிருப்பதும், அவற்றில் பெரும்பகுதி ஒலிக்குறிப்புச் சொற்களாக இருப்பதும், இவ்வழி தமிழுக்கு மட்டும் உரியதன்று எனக் காட்டுகின்றன. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் இம்முறை ஓரிடத்தில் தடுமாறுகிறது. நீண்ட பிரெஞ்சு ரொட்டியின் மேல்தோல் கடித்தவுடன் நொறுங்கி, மெல்லும்போது இழுபடுகிறது. மொறுமொறு என்பது முதற்பாதியையே சொல்லும், 'ஜவ்வு மாதிரி' என்பது இரண்டாம் பாதியைக் குறையாக்கிவிடும். இரண்டையும் ஒரே நிகழ்வாகக் கூறும் சொல்லை ஒருவர் ஆக்கினால், அவர் முன்பே இருந்ததைக் கண்டறிந்தாரா, இல்லாததை உண்டாக்கினாரா?

இதற்கு விடைதரத் தக்க சிந்தனை அதே நகரில் ஓலைச்சுவடிகளாகப் பாதுகாக்கப்படும் சைவ மரபில் உள்ளது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பெரும்பகுதி இருக்கும் அச்சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அம்மரபின் தமிழ்ச் சாத்திரங்களுள் ஒன்றான, அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், பெயர், இனம், குணம் முதலான வேறுபாடுகள் தோன்றாமல் 'ஏதோ ஒன்று' என அறியும் நிருவிகற்பக் காட்சியையும், அவை தோன்ற அறியும் சவிகற்பக் காட்சியையும் பிரித்து, பின்னதற்கு வாக்கு, அதாவது சொல்லாற்றல், துணைவேண்டும் என்று கொள்கிறது. இதன்படி ரொட்டியைக் கடித்தபோது உணர்வு இருந்தது, அதைப் பற்றிய தெளிந்த அறிவு இல்லை. புதுச்சொல் அந்த அறிவு நிகழ்வதற்கான கருவியே தவிர, அறிந்து முடித்த பின் ஒட்டப்படும் சீட்டு அன்று.

அவ்வாறாயின் அறிவோடு ஆசையையும் சொல் கூர்மையாக்குமே என்ற சமயத்தடை எழும். 1910 முதல் 1950இல் மறையும்வரை புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர், சீடர்களுக்கு எழுதிய கடிதங்களில், விடவேண்டியது உணவின்மேல் உள்ள பற்றும் பேராசையுமே தவிர, சுவையை உணரும் ஆற்றல் அன்று என விளக்கினார். அவ்வளவில் தடை நீங்குகிறது. ஏனெனில் பெயரிட முனைபவர் கடிப்பதற்கும் விழுங்குவதற்கும் இடையே நின்று கவனித்தாக வேண்டும்; அக்கவனிப்பு உணரும் ஆற்றலைச் சேர்ந்தது, பேராசையைச் சேர்ந்ததன்று. ஆனால் சிப்ஸ் பொட்டலத்தில் அச்சிட்ட 'மொறுமொறு' வேறுவகை: அது கடிக்கும் முன்பே வந்து ஆசையை எழுப்பிவிடுவதால், உணர்வு முன்னும் சொல் பின்னுமாகச் சித்தியார் வைத்த வரிசை அங்கே தலைகீழாகிறது.