பெயர்ப்பலகைக்கு உரியவர்

பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரின் ஆர்மேனியன் தெருச் சுவரொன்றில் ஒரு சிறுமி மிதிவண்டி ஓட்டுகிறாள். அவளைப் பற்றிக்கொண்டு பின்னால் ஒரு சிறுவன். பிள்ளைகள் ஓவியம், மிதிவண்டியோ சுவரோடு பொருத்திய உண்மை வண்டி. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் தீட்டியது. அதன்முன் படமெடுக்க நிற்போர் பலர், நாமும் நின்றோம்.

அருகே பழைய கடைவீடுகள். வாயில்களின் மேல் சீன எழுத்துகள் செதுக்கிய பெயர்ப்பலகைகள். வண்ணம் உதிர்ந்த பலகைகளையே நாம் தேடித் தேடிப் படமெடுத்தோம். பின்னரே ஒரு கேள்வி உறுத்தியது: அப்பெயருக்கு உரியவர் எங்கே?

1999ஆம் ஆண்டின் இறுதியோடு அங்கு வாடகைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. வாடகை உயர்ந்தது, நெடுங்காலம் குடியிருந்த குடும்பங்களும் கைவினைஞர்களும் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்றது. கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றுக்கு உயிரூட்டியவர்களுள் பலர் அங்கில்லை.

அப்படியானால் படமெடுப்பது குற்றமா? அன்று. வெயிலும் மழையும் அழிக்கவிருப்பதை நினைவில் காப்பது நற்பணியே. ஆயினும் பிறருடைய இழப்பின் சாயலை அழகென்று எடுத்துக்கொள்ளும் நாம், அவருக்கு எதுவுமே கடன்படவில்லையா? அழகை நுகர்வது எளிது. அதன் விலையைக் கொடுத்தவரை எண்ணிப் பார்ப்பதே அறம்.

அத்தெருக்களில் இன்னும் சில பழைய கடைகள் திறந்திருக்கின்றன. அடுத்த முறை அவற்றின் வாயிலில் நாம் முதலில் உயர்த்த வேண்டியது படக்கருவியை அன்று. வணக்கம் கூறும் கைகளை. பலகையைப் படிக்குமுன் அதற்கு உரியவரிடம் பேசுவோம்.