போகவும் வரவும்

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்பது எங்கள் ஊர்ப் பெருமை. மாயூரம் மயிலாடுதுறையாகி, மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. அதைச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். இருபது வயதில் பிழைக்கப் போனவர்கள். எப்போது திரும்பினாலும் இங்கே அவர்களுக்கு வீடு இருக்கிறது. இதே ஊரில் பிறந்த பெண்ணுக்கோ அந்த வீடு 'அம்மா வீடு' ஆகிவிடுகிறது. அவள் அங்கே விருந்தாளி.

இளைஞர்கள் எந்த வயதில் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள் என்று ஐரோப்பாவில் கணக்கு எடுக்கிறார்கள். பின்லாந்தில் சராசரி 21ஐ ஒட்டி இருக்கிறது. குரோவேஷியாவில் 30ஐத் தாண்டுகிறது. நம் பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை திருமண வயதுதான். நம் பேச்சே இதைக் காட்டிக்கொடுக்கும். மகன் 'வேலைக்குப் போனான்', மகளைக் 'கட்டிக்கொடுத்தோம்', அவளாகப் போனால் 'ஓடிப்போனாள்'. பிறந்த வீடு, புகுந்த வீடு என்று சொல்கிறோம். அவள் தன் சம்பளத்தில் வாடகை கொடுத்துத் தங்கும் வீட்டுக்கு அப்படியொரு பெயர் இல்லை. 'தனிக்குடித்தனம்' என்றால்கூடக் கணவனோடு போவதுதான்.

ஆகவே எத்தனை வயதில் போகலாம் என்ற கேள்வியை விட, போவது யாருடைய முடிவு, திரும்பி வர வழி உண்டா என்ற கேள்விகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது மூவலூர். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையார் அந்த ஊர்ப் பெயரோடுதான் அறியப்படுகிறார். அவர் பெயரில் 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. உதவி பெறக் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்ற விதி பல பெண்களைப் பள்ளியில் நிறுத்தி வைத்தது. அதை மறுக்க முடியாது. 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அதே திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்கிறது. முன்பு பெண் வீட்டை விட்டுப் போவதற்கு அரசுக்குத் தெரிந்த காரணம் கல்யாணம். இப்போது படிப்பும் ஒரு காரணம். ஆயிரம் ரூபாயில் அறை எடுக்க முடியாது. ஆனால் அது அவள் பெயரில் வருகிறது, மாப்பிள்ளை யார் என்று கேட்காமல் வருகிறது.

சீக்கிரம் வெளியேறுவதே விடுதலை என்று நினைத்துவிடவும் கூடாது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். ஆலை விடுதியில் தங்க வேண்டும். நினைத்தபோது வெளியே போக முடியாது. முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை. பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்தவள் இன்னொரு பூட்டிய கதவுக்குள் இருந்தாள்.

வயது கூடினால் மட்டும் பூட்டு திறந்துவிடுமா? சேலத்தில் ஹோமியோபதி மருத்துவம் படித்த ஹாதியாவுக்கு 24 வயது. அவர் மதம் மாறிச் செய்துகொண்ட திருமணத்தை 2017இல் கேரள உயர்நீதிமன்றம் செல்லாது என்று கூறி, அவரைப் பெற்றோர் பொறுப்பில் ஒப்படைத்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டப்படி 18 வயதில் மேஜராகிவிட்ட ஒரு பெண், தன் வாழ்க்கை தன்னுடையது என்று நிறுவ நாட்டின் கடைசி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

திரும்பி வருவதன் கதை இன்னும் மோசம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி அவள் கேட்க முடியாது. ஆண் வாரிசுகள் பிரிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் திருமணமாகாதவள், கணவனால் கைவிடப்பட்டவள், கணவனைப் பிரிந்தவள், விதவை ஆகியோருக்கு மட்டும்தான். வாழ்க்கை முறிந்தால்தான் வாசல் திறக்கும். 2005இல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். தமிழ்நாடு 1989லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. அதிலும் அந்தத் திருத்தத்துக்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு இடமில்லை. திருமண உதவித் திட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். போவதற்குப் பணம் கொடுத்த ஆண்டில், ஏற்கெனவே போய்விட்டவளுக்குப் பங்கு இல்லை என்றார்கள்.

"எல்லாரும் கிளம்பிவிட்டால் பெற்றவர்களை யார் பார்ப்பது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த வீடுகளில் மருந்து வாங்கித் தருவதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் யார்? குத்தாலத்திலோ சீர்காழியிலோ வாழ்க்கைப்பட்ட மகள், பஸ் பிடித்து வந்து செய்கிறாள். பெற்றோரைப் பராமரிப்பதற்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் மகன், மகள் இருவரையுமே பொறுப்பாக்குகிறது. பெண்கள் போனதால் கடமை தவறியதில்லை. கடமையைச் சமமாகக் கொடுத்தவர்கள் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

எல்லாப் பெண்ணும் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதிலும் அம்மா அப்பாவோடு இருக்க விரும்புகிறவள் இருக்கட்டும். ஆனால் போக முடிந்தும் இருப்பவளுக்குத்தான் அது விருப்பம். மற்றவளுக்கு அது காத்திருப்பு.

இதைப் படிக்கும் மாணவிகள் வீட்டில் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். கல்யாணம் ஆகாமலே வேறு ஊரில் வேலை பார்த்துத் தனியாக வீடு எடுத்துத் தங்கலாமா? கல்யாணம் ஆன பிறகு, யாரும் என்னைக் கைவிடாமல், நானாகவே ஒருநாள் திரும்பி வந்தால் எனக்கு இங்கே இடம் உண்டா? முதல் கேள்விக்கு இப்போது சில வீடுகளில் 'பார்க்கலாம்' என்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.