கால் மாறிய ஆடல்

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் வெள்ளியம்பலத்தில் நடராசர் இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். தில்லையில் இதற்கு நேர்மாறு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் காரணம் கூறுகிறது. 64 கலைகளில் எஞ்சியிருந்த ஆடலைப் பயின்ற இராசசேகர பாண்டியனுக்கு உடல் நொந்தது. ஒரே காலில் ஓயாது நிற்கும் இறைவனுக்கு எவ்வளவு நோகும் என்று கலங்கியவன், கால் மாற்றி ஆடும்படி வேண்டினான்.

இறைவனுக்குக் கால் வலிக்குமா? சைவ சித்தாந்தத்தில் ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல். தசைக்கும் எலும்புக்கும் அங்கே இடமில்லை. ஆயினும் புராணம் அரசனின் கலக்கத்தை அறியாமை என்று தள்ளவில்லை. தன் உடலில் உணர்ந்த நோவே அவனுக்கு வழிபாடாயிற்று. தத்துவ விளக்கங்களைவிட இந்தப் பரிவே ஆழமானது.

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்போரிடமும் அதே பரிவு உண்டு. தங்குமிடத்தில் ஒருவர் காலை மற்றவர் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்து, உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, கணுக்காலை மெல்லச் சுழற்றிவிடுவார். இறுகிய கெண்டைக்கால் தளர்ந்தால் குதிகாலை இழுக்கும் விசை குறையும். வீங்கிச் சிவந்த காலையும், சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதத்தையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அவை மருத்துவர் பார்க்க வேண்டியவை.